ஹாக்கிங் கவுண்டிக் காட்டில் இரண்டு நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், ஹாக்கிங் ஹில்ஸ் என்ற குன்றுக் காட்டுக்குப் போகாத வீடு குறைவு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகராவுக்கு முன்பே இங்கேதான் கூட்டிப்போகிறோம். ஆனால் போகிற விதம் இருக்கிறதே! சனிக்கிழமை பத்து மணிக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்கு வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று, ஒரு மணிக்குப் புளியோதரை, மூன்று மணிக்குத் திரும்பல். “அருவியில தண்ணியே இல்லையே” என்று வழியெல்லாம் புலம்பல். நானும் முதல் இரண்டு தடவை இப்படித்தான் போய் வந்தேன். ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் ஆறு இடம் பார்த்து, கடைசி இரண்டு இடத்தின் பெயர்கூட நினைவில் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

எந்த இடத்துக்கு எந்த நேரத்தில், எந்தக் கால்களோடு போவது என்று தெரிந்துகொண்டால் அதே காடு வேறு காடாகிவிடும். அதற்குத்தான் இது.

நிலம் எப்படிப்பட்டது

ஒஹையோ மாநிலத்தின் தென்கிழக்கில் ஏறத்தாழ 28,000 பேர் வாழும் சின்னக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) ஹாக்கிங். தலைமையூர் லோகன். கொலம்பஸிலிருந்து 33ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 50 மைல், ஒரு மணி நேர ஓட்டம். சோளக்கொல்லையும் சோயா வயலுமாகத் தட்டையாக வரும் நிலம் லங்காஸ்டர் தாண்டியதும் மடிப்பு மடிப்பாக எழத் தொடங்கும். பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் ஒஹையோவின் பெரும்பகுதியை இழைத்துச் சமமாக்கிவிட்டு, இந்தக் குன்றுகளை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் குளிர் மட்டும் இங்கே வந்து சேர்ந்தது. அந்தக் குளிரோடு வந்த ஹெம்லாக், கனடா யூ போன்ற வடநாட்டு மரஞ்செடிகள், பனி பின்வாங்கிய பிறகும் வெயில் எட்டாத பள்ளங்களில் தங்கிவிட்டன. கோடையிலும் பள்ளத்துக்குள் இறங்கினால் சில்லென்று இருப்பதும், மேலே ஓக் மரமும் கீழே ஹெம்லாக்குமாக இரண்டு காடு தெரிவதும் இதனால்தான். (சாக்ரடீஸ் குடித்த ஹெம்லாக் வேறு, அது ஒரு நச்சுச் செடி. இது ஊசியிலை மரம், பயப்பட வேண்டாம்.)

பாறைக்குப் பெயர் பிளாக்ஹேண்ட் மணற்கல். சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகிக் கல்லானது. மேலடுக்கும் கீழடுக்கும் கெட்டி, நடு அடுக்கு இளகல். தண்ணீரும் உறைபனியும் நடு அடுக்கைக் கரைத்து உதிர்க்க, மேலடுக்கு கூரையாக நீண்டு நிற்கிறது. குகை என்று பெயர்ப்பலகை சொன்னாலும், இவற்றில் பெரும்பாலானவை பாறைத் தாழ்வாரங்கள்தாம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் பல மடங்கு பெரிதாக்கி, நெற்றியிலிருந்து ஒரு அருவியை விட்டால், இங்கே உள்ள ஆஷ் கேவ்.

யார் காடு, என்ன சட்டம்

ஒரே சாலையில் மூன்று விதமான நிலம் மாறி மாறி வருகிறது. பார்க்க எல்லாம் ஒரே காடுதான், சட்டம் வேறு. இதைத் தெரியாமல் போய்த்தான் பலர் வாசலில் முழிக்கிறார்கள்.

முதலாவது ஹாக்கிங் ஹில்ஸ் மாநிலப் பூங்கா. ஓல்ட் மேன்ஸ் கேவ், சீடர் ஃபால்ஸ், ஆஷ் கேவ், ராக் ஹவுஸ், கேன்ட்வெல் கிளிஃப்ஸ் எல்லாம் இதில் அடக்கம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாயைக் கயிற்றில் பிடித்தபடி கூட்டிப்போகலாம்.

இரண்டாவது கான்கிள்ஸ் ஹாலோ. இது இயற்கைக் காப்பகம், கட்டுப்பாடு இறுக்கம். நாய்க்கு அனுமதி இல்லை. நாயோடு வந்துவிட்டால் வீட்டில் ஒருவர் வண்டியிலேயே உட்கார வேண்டியதுதான்.

மூன்றாவது ஹாக்கிங் மாநிலக் காடு. பூங்காவைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. குதிரைப் பாதைகளும், பாறை ஏறுவதற்கும் கயிற்றில் இறங்குவதற்கும் ஒதுக்கிய பகுதியும் இங்கேதான் உண்டு. பூங்காவிலோ காப்பகத்திலோ பாறையில் ஏறினால் அபராதம். காட்டில் வேட்டைக்கும் அனுமதி இருக்கிறது. ஆகவே நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைக் காலத்தில் காட்டுப் பாதையில் நடப்பவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் சட்டையோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்கும் காப்பகத்துக்கும் பொதுவான ஒன்று: குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. அங்கே பாதைகள் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரைதான் திறந்திருக்கும்.

இன்னொன்று நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டும். இது குற்றாலம் இல்லை. அருவியைப் பார்க்கலாம், அருகில் நின்று சாரல் வாங்கலாம். துண்டோடு இறங்கிக் குளிக்க முடியாது. ஊரிலிருந்து வந்த மாமா ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். அவரைத் தடுத்து நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குளித்தே ஆக வேண்டும் என்றால் கோடையில் லோகன் ஏரிப் பூங்காவில் மணல் கரை இருக்கிறது; அங்கே இறங்கலாம்.

எப்போது போவது

இங்கே உள்ள அருவிகளுக்கு மழைதான் ஆதாரம். ஓடைகள் சின்னவை, நீர் தேக்கி வைக்கும் பெரிய மலை பின்னால் இல்லை. மழை நின்று இரண்டு வாரமானால் நூலாகிவிடும். மார்ச்சிலிருந்து மே வரை நல்ல காலம். வேறு மாதமென்றால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் அருவிக்காகப் போகாதீர்கள், நிழலுக்காகப் போங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை இலை நிறம் மாறும். அழகுதான், ஆனால் பாதிக் கொலம்பஸ் அங்கேதான் இருக்கும். விடுப்பு எடுக்க முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள்.

என்னைக் கேட்டால் ஜனவரி. அருவி உறைந்து தூணாக நிற்கும். ஆஷ் கேவில் கீழிருந்து பனிக்கூம்பு வளரும். இலை உதிர்ந்திருப்பதால் பாறையின் முழு உருவமும் தெரியும். காலணியின் மேல் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஸ்பைக் இல்லாமல் மட்டும் இறங்க வேண்டாம். ஈரப் படிக்கட்டெல்லாம் கண்ணாடியாகியிருக்கும்.

தங்குவது

ஒரு நாளில் போய் வரலாம். ஆனால் அதிகாலையும் இரவும் உங்களுக்குக் கிடைக்காது. அவை இரண்டும்தான் இங்கே சிறந்த பொழுது. பூங்காவுக்குள்ளேயே கூடார முகாமும் சிறு குடில்களும் இருக்கின்றன. 2022இல் திறந்த 81 அறை லாட்ஜும் இருக்கிறது. வெளியே தனியார் கேபின்கள் ஏராளம். வசந்தம், அக்டோபர் வார இறுதிகளுக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

தனியார் கேபின் எடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசி அரை மைல் பாதை சரளையா, செங்குத்தா? அடுப்பு உண்டா, வெறும் மைக்ரோவேவா? ஒரு தடவை படத்தைப் பார்த்து மயங்கிப் பதிவு செய்துவிட்டு, பிப்ரவரிப் பனியில் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு இட்லிமாவுப் பாத்திரத்தோடு மலையேறினோம்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடுதான் ஊர் விட்டு ஊர் போகின்றன. அங்கேயே சாலையோரத்தில் கட்டுக்கட்டாக விற்பார்கள்.

பையில் என்ன

பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், உண்ணிக்கான தெளிப்பான், மாற்றுக் காலுறை, சின்ன டார்ச். செருப்போடு பாதையில் இறங்குபவர்களைத் தினமும் பார்க்கலாம். நீங்கள் அவர்களில் ஒருவராக வேண்டாம். பள்ளத்துக்குள் செல்போன் சிக்னல் பெரும்பாலும் எடுக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வாய்வழியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டுச்சோறு கட்டாயம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழியில் கிடைப்பது பெரும்பாலும் பொரித்த உருளைக்கிழங்குதான். சுற்றுலா மேசைகள் ஆங்காங்கே உண்டு. தயிர்சாதத்தை அங்கே பிரிக்கலாம்.

முதல் நாள்: பள்ளம் வழியே ஆஷ் கேவ் வரை

காலை எட்டு மணிக்கு முன் ஓல்ட் மேன்ஸ் கேவ் வண்டி நிறுத்தத்தில் இருங்கள். இது ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதிப் பயணம் வெற்றி.

பாதை ஒருவழி. மேல் அருவியில் இறங்கி, ஓடையோடு போய், கீழ் அருவி தாண்டி ஏற வேண்டும். நடுவில் திரும்பி வர முடியாது என்பதால் கழிப்பறை வேலையை மேலேயே முடித்துவிடுங்கள். தள்ளுவண்டி உதவாது, கல் படி, சுரங்க வழி, ஈரப் பாலம் என்று வரிசையாக வரும். இந்தக் கல் வேலையில் பெரும்பகுதி 1930களின் பொருளாதாரச் சரிவுக் காலத்தில், வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு நடத்திய திட்டத்தில் செய்தது. பாறையோடு பாறையாக அது கலந்திருப்பதைக் கவனியுங்கள்.

பெயரில் வரும் கிழவர் ரிச்சர்ட் ரோ. டென்னசிப் பக்கத்திலிருந்து 1790களின் கடைசியில் இந்தப் பகுதிக்கு வந்து, வேட்டையாடிக்கொண்டு இந்தத் தாழ்வாரத்தில் தனியே வாழ்ந்தார். பாறைக்கடியிலேயே அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்கிறார்கள். குகையையொட்டிய 146 ஏக்கரை மாநில அரசு 1924இல் வாங்கியதுதான் இந்தப் பூங்காவின் தொடக்கம்.

பள்ளம் மட்டும் சுமார் 1 மைல். படம் எடுத்து நின்று போனால் ஒன்றரை மணி நேரம். இங்கே குடும்பம் இரண்டாகப் பிரியலாம். நடக்க முடிகிறவர்கள் கிராண்ட்மா கேட்வுட் பாதையில் தொடர்ந்து சீடர் ஃபால்ஸ் வரை சுமார் 3 மைல் நடக்கட்டும். மற்றவர்கள் ஏறி வந்து வண்டியை சீடர் ஃபால்ஸுக்குக் கொண்டுவரட்டும். முழுப் பாதையும், அதாவது ஆஷ் கேவ் வரை, ஒரு பக்கம் மட்டும் சுமார் 6 மைல்.

அந்தப் பாட்டியைப் பற்றி நடக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எம்மா கேட்வுட் ஒஹையோக்காரர், 11 பிள்ளை பெற்றவர். 1955இல் தன் 67ஆம் வயதில் 2,000 மைலுக்கு மேற்பட்ட அப்பலாச்சியன் பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண். கூடாரம் இல்லை, தூக்கப்பை இல்லை. தானே தைத்த ஒரு துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கான்வாஸ் ஷூவில் நடந்தார். மழைக்குக் குளியலறைத் திரை. ஹாக்கிங் ஹில்ஸ் அவருக்குப் பிடித்த இடம். அவர் முன்னின்று நடத்திய குளிர்கால நடை இன்றும் ஜனவரியில் ஆண்டுதோறும் நடக்கிறது, ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

சீடர் ஃபால்ஸ் என்ற பெயர் ஒரு பிழை. முதலில் வந்து குடியேறியவர்கள் ஹெம்லாக்கை சீடர் என்று நினைத்துவிட்டார்கள். பூங்காவில் அதிகத் தண்ணீர் விழும் அருவி இதுதான், ஆகவே வறண்ட மாதத்தில் ஏதாவது ஒரு அருவி பார்த்தே தீரவேண்டும் என்றால் இங்கே வாருங்கள். இறங்கும் படிகளை அகியோ ஹிசுமே என்ற ஜப்பானியக் கலைஞர் வடிவமைத்தார். படிகளின் இடைவெளி ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு அடியிலும் ஒரே கால் மேல் பாரம் விழாமல் மாறி மாறி வரும்.

மதியச் சோறு முடித்துக் கொஞ்சம் சாய்ந்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் ஆஷ் கேவ். முழங்கால் வலியுள்ள பெற்றோரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால், தயங்காமல் இதைச் சொல்வேன். கால் மைல் தளம் போட்ட சமதளப் பாதை. சக்கர நாற்காலி போகும். ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் பாதை, கடைசித் திருப்பத்தில் சட்டென்று விரியும். வளைவின் அகலம் 700 அடி, ஆழம் 100 அடி, உயரம் 90 அடி. கீழே மணல். போன முறை என் அம்மா அங்கே மரக்கட்டையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பலாம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

சாம்பல் குகை என்ற பெயருக்குக் காரணம், குடியேறியவர்கள் இங்கே கண்ட பெரிய சாம்பல் மேடு. 1877இல் கிளறிப் பார்த்தபோது அம்புகள், விலங்கு எலும்புகள், மண்பாண்டச் சில்லுகள், சோளக்கதிர்த் தண்டுகள் கிடைத்தன. தொல்குடிகள் தலைமுறை தலைமுறையாக அடுப்பெரித்த இடம். பின்னாளில் இங்கே பிரசங்கக் கூட்டங்கள் நடந்தன. ஒரு முனையில் மெல்லப் பேசிப் பாருங்கள், வளைவில் ஒலி எப்படிப் பயணிக்கிறது என்று தெரியும். கத்திப் பார்க்க வேண்டாம். மற்றவர்களும் அதே அமைதிக்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

இரவு

இரவு வானம் பார்க்க ஜான் கிளென் வானியல் பூங்கா இருக்கிறது. 2018இல் திறந்தது. பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கரும் ஒஹையோவில் பிறந்தவருமான ஜான் கிளென்னின் பெயர் வைத்தது. 28 அங்குலத் தொலைநோக்கி உள்ளது. வெள்ளி, சனி இரவுகளில் தன்னார்வலர்கள் காட்டி விளக்கும் பருவ நிகழ்ச்சிகள் நடக்கும். போகும் முன் நாளையும் வண்டிப் பதிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் பால்வீதி தெரியாது. அமாவாசை வாரம் பாருங்கள். நாட்காட்டிதான் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே! சிவப்பு வெளிச்சமுள்ள டார்ச் கொண்டுபோங்கள். வெள்ளை வெளிச்சம் அடித்தால் சுற்றி இருப்பவர்களின் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும்.

இரண்டாம் நாள்: விளிம்பும் உட்காடும்

கான்கிள்ஸ் ஹாலோவில் தொடங்குங்கள். இரண்டு பாதை. கீழ்ப்பாதை சமதளம், தொடக்கத்தில் பாதிக்குமேல் தளம் போட்டது. குழந்தைகளும் பெரியவர்களும் போகலாம். மேல்பாதை பாறை விளிம்பைச் சுற்றிவரும் சுமார் இரண்டரை மைல். ஏறக்குறைய 200 அடி நேர்வீழ்ச்சி, பெரும்பாலும் தடுப்பு இல்லை. ஓடியாடும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேலே வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் மட்டும் என்றால், இந்தக் கவுண்டியிலேயே எனக்குப் பிடித்த நடை இதுதான்.

அடுத்து ராக் ஹவுஸ். பூங்காவில் தாழ்வாரமாக இல்லாமல் உண்மையான குகையாக இருப்பது இது ஒன்றுதான்: 150 அடிப் பாறையின் நடுவயிற்றில், 200 அடி நீளத்தில், சன்னல் சன்னலாகத் திறப்புகளோடு. கொள்ளையரும் குதிரை திருடர்களும் பதுங்கிய இடம் என்பார்கள். 1835இல் இதன் பக்கத்தில் 16 அறைகள் கொண்ட ஒரு விடுதியே இருந்தது, நடன அரங்கோடு. இன்று அங்கே சுற்றுலாக் கொட்டகை. உள்ளே தரை சமமில்லை, இருட்டு. டார்ச் இங்கேதான் வேலைக்கு வரும்.

கால் மிச்சமிருந்தால் கேன்ட்வெல் கிளிஃப்ஸ். தூரத்தில் தனியே கிடப்பதால் கூட்டம் குறைவு. பாறை இடுக்குகளில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். முதுகில் பெரிய பை இருந்தால் சிக்கிக்கொள்ளும்.

இல்லை, குகை போதும் என்கிறீர்களா? மாநிலக் காட்டுக்குள் போங்கள். பிக் பைன் சாலையில் பாறை ஏறும் பகுதி இருக்கிறது. சொந்தக் கயிறும் பழக்கமும் இல்லாதவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டும். குதிரைச் சவாரி நடத்தும் பண்ணைகளும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. குதிரைப் பாதையில் நீங்கள் நடந்து போகும்போது எதிரே குதிரை வந்தால் ஓரமாக நின்று, மெல்லிய குரலில் ஒரு வார்த்தை பேசுங்கள். பேசினால்தான் நீங்கள் மனிதர் என்று குதிரைக்குத் தெரியும்.

மீன் பிடிக்க லோகன் ஏரி போதும். முகாமிலிருந்து நடந்து போய்ச் சேர வேண்டிய ரோஸ் ஏரி இன்னும் அமைதி. 16 வயதோ அதற்கு மேலோ ஆன எல்லோருக்கும் உரிமம் வேண்டும்; ஒரு நாள் உரிமமும் உண்டு, போனிலேயே எடுக்கலாம். ஹாக்கிங் ஆற்றில் கயாக், துடுப்புப்படகு வாடகைக்குத் தருகிறார்கள். ஆற்றின் பெயர் டெலவேர் தொல்குடிகளின் மொழியில் குப்பியைக் குறிக்கும் ஹாக்ஹாக்கிங் என்ற சொல்லிலிருந்து வந்தது. மழை பெய்த மறுநாள் அருவிக்கு நல்லது, ஆற்றுக்கு நல்லதல்ல. கலங்கல் ஓடினால் படகை விட்டுவிடுங்கள்.

எங்கே ஆபத்து

பாம்பை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பு இருக்கிறது. கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வைத்தால் அது உங்கள் வழிக்கு வராது. உண்மையில் இங்கே உயிர் போவது விளிம்பில். மணற்கல் மேலே பாசி, அதன் மேல் ஊசியிலைச் சருகு. பார்க்கக் கெட்டியான தரை போலிருக்கும், கால் வைத்தால் வழுக்கும். படத்துக்காக ஓரடி பின்னால் போவதுதான் விழும் அடி. பிள்ளைகள் கையை விளிம்பில் விடாதீர்கள், செல்ஃபி எடுக்கும் பெரியவர்கள் கையையும்தான்.

மூன்று இலை சேர்ந்த கொத்தாகத் தரையிலும் மரத்திலும் படரும் பாய்சன் ஐவியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஹெம்லாக் கிளையின் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அது மரத்தின் சாற்றை உறிஞ்சிக் கொல்லும் அடெல்ஜிட் என்ற பூச்சி. தொட்டுப் பரப்பாமல், பூங்கா அலுவலகத்தில் இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் மருந்து கொடுத்து மரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அப்புறம் உண்ணி. வால்பாறை அட்டை கடித்தால் ரத்தம் காட்டிக் கொடுக்கும். இது கடிப்பது தெரியாது, எள்ளளவுதான் இருக்கும், லைம் காய்ச்சலைக் கொண்டுவரும். வீடு வந்ததும் துணியை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் போட்டுவிட்டு, முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் என்று ஒவ்வொருவரையும் சோதியுங்கள். கண்டால் எண்ணெயும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எடுத்த தேதியைக் குறித்து வைத்து, அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ வட்டமான சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.